தார் தொடாத சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் மொத்தமும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். டி.வி. இல்லாதவர்கள் இருக்கிற வீட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆவடியில் நாய்கூடத் தெருவுக்கு வராத அந்த நேரத்தில் ஒரே ஒரு மனிதர் மட்டும் நடந்து போவார். மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனும் காக்கி அரைக்கால் சட்டையுமாக, இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி போவார். வலது தோளில் ஒரு முழு சைக்கிள் உட்கார்ந்திருக்கும்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியிருந்த புதிது. பாவம், டயர் பஞ்சர் போலிருக்கிறது என்று நினைத்து பக்கத்து வீட்டுப் பம்பை வாங்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். "பஞ்சரா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் நிற்கவில்லை. "காத்து ஃபுல்லா கீது நைனா" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிறும் அதே தோள், அதே சைக்கிள். ஆளுக்கு எங்கேயோ மறை கழன்றிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அவர் எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டர். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள். ரொம்பப் பேசுவார், குழம்பில் உப்பு குறைந்தால் கேன்டீனில் சண்டை போடுவார், சீட்டாட்டத்தில் தோற்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். பெரிய மகான் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சைக்கிள் விஷயத்தில் மட்டும் அவரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வாய் அடைத்துப்போகிறது.

கதை இதுதான். நான் வருவதற்கு முன்னால் ஒரு நாள், நசரத்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மனைவியைக் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு பெங்களூர் ரோட்டில் வந்திருக்கிறார். பின்னால் வந்த லாரி உரசிவிட்டது. நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவி ஓரத்து மண்ணில் விழுந்து சிராய்ப்போடு தப்பித்தார். இவருக்கு இடது கால் போய்விடும் போலிருந்தது. எடுத்துவிட வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மண்டிபோட்டு மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பொருத்தனை வைத்திருக்கிறார். கால் பிழைத்தால், இனி இவர் சைக்கிளின் சக்கரம் தார் ரோட்டில் படாது. இவர் அப்போது மயக்கத்தில் இருந்தார்.

கால் பிழைத்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அக்கா பொருத்தனையைச் சொல்லி, சைக்கிளை விற்றுவிடலாம் என்றிருக்கிறார். அதற்கு இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். மாதாவிடம் சைக்கிளையே தொட மாட்டார் என்று சொன்னாயா, தார் ரோட்டில் சக்கரம் படாது என்று சொன்னாயா? அக்கா பொய் சொல்லத் தெரியாத மனுஷி. தார் ரோடு என்றுதான் சொன்னேன் என்றார். அப்படியானால் சரி என்று இவர் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நல்ல வக்கீல் மூளை என்று நினைத்தேன். ஆனால் வக்கீல் மூளைக்காரன் தனக்கு வசதியாக ஏதாவது ஒரு சந்துபொந்தைக் கண்டுபிடித்து நுழைவான். இவர் கண்டுபிடித்ததில் ஒரு வசதியும் இல்லை. தார் ரோட்டில் உருட்டிக்கொண்டு போகலாமே என்றால் அதுவும் கூடாது, சக்கரம் பட்டுவிடும். எங்கள் குவார்ட்டர்ஸ் தெருக்கள் எல்லாம் தார். அதனால் வீட்டு வாசலிலிருந்து பின்பக்கத்து இடிந்த காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் தோளில்தான். அந்தச் சுவரைத் தாண்டி மண்ணில் வைத்த பிறகுதான் ஏறுவார்.

அந்தச் சைக்கிளை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் ஆச்சரியமும் சேர்ந்து வருகிறது. களிமண் அடைத்துக்கொள்கிறது என்று மட்கார்டு இரண்டையும் கழற்றிவிட்டார். ஸ்டாண்டு, பெல், செயின் கவர் எதுவும் கிடையாது. தோளில் படுகிற இடத்தில் ஃபிரேமுக்குப் பழைய ட்யூபைச் சுற்றியிருந்தார். அம்பத்தூரில் ஒரு கடைக்கு மலையேறுகிற சைக்கிள் என்று புதிதாக ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். முள்ளு முள்ளாகப் பட்டை வைத்த தடித்த டயர், நேரான ஹேண்டில்பார். நான் ஆசையாகத் தடவிப் பார்த்தேன். கடைக்காரர் பிரேக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் அதை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்து, கடைக்குள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். கடைக்காரர் அவர் எடுத்துக்கொண்டு ஓடப்போகிறார் என்று பயந்து வாசலை மறித்துவிட்டார். இவர் இறக்கி வைத்துவிட்டு, ஃபிரேம் தோளைக் கடிக்கிறது, சரிப்படாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று நான் கேட்டேன்.

"ஓட்டறது எந்த சைக்கிளும் ஓடும் நைனா. தூக்க முடியலன்னா ஓட்டக் கூடாது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். ஆவடிக்கு வந்து ரொம்ப நாள் ஆகியும் எனக்குத் தெரிந்தது தொழிற்சாலை வாசல், ரயில்வே ஸ்டேஷன், மார்க்கெட், அவ்வளவுதான். அந்த உடைந்த சுவரைத் தாண்டியதும் வேறு ஒரு தேசம் கிடந்தது. முதலில் புதர், பிறகு பனைவரிசை, அப்புறம் திடீரென்று பருத்திப்பட்டு ஏரிக்கரை. கரை மேலே ஒரு சைக்கிள் மட்டும் போகிற அகலத்துக்கு வெளுத்த கோடு மாதிரி ஒரு தடம். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நெல். காற்று முகத்தில் அடித்தது. நான் வாயைத் திறந்துகொண்டு ஓட்டி, ஏரிக்குள் விழப் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? வரப்பில் ஏற்றினார், சவுக்குத் தோப்புக்குள் இறக்கினார், கூவம் ஆற்று மணலில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வைத்தார். கணுக்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கூவத்தில் முகம் கழுவினேன் என்று சொன்னால் பட்டணத்தில் என்னைத் தொட மாட்டார்கள். ஆனால் கழுவினேன், சத்தியமாகக் குளிர்ச்சியாக இருந்தது. வழியில் தார் ரோடு குறுக்கிடும்போதெல்லாம் அவர் ஓரத்தில் இறங்குவார். சைக்கிளைத் தூக்கித் தோளில் பொருத்துவார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு கடப்பார். அந்தப் பக்கத்து மண்ணில் இறக்கி, ஏறி மிதிப்பார். முதல் தடவை மரியாதைக்காக நானும் தூக்கப் பார்த்தேன். உனக்கென்ன பொருத்தனையா, ஒழுங்காக உருட்டிக்கொண்டு வா என்று திட்டினார். தன்னுடைய சுமையில் யாருக்கும் பங்கு கொடுக்க மாட்டார்.

தார் ரோட்டின் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாக நினைக்கக் கூடாது. நேமம் பக்கம் அவர் வழக்கமாகப் போகிற ஒரு வண்டிப்பாதை ஒரு வருஷம் தார் ரோடாகிவிட்டது. இவர் அழுதுவிடுவார் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வரும், ஜனங்களுக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கரம்பில் இறங்கினார். அன்றைக்கு முட்செடிக்குள் அலைந்து, பகல் முழுவதும் வழி தேடி, கடைசியில் ஓர் ஓடைக்கரையைப் பிடித்து மறுபடியும் போய்ச் சேர்ந்தோம். என் கையிலும் காலிலும் முள் கிழிக்காத இடமில்லை. அவரைக் கெட்ட வார்த்தையில் வைதுகொண்டே பின்னால் போனேன். ஓடைக்கரையிலிருந்து தூரத்தில் ஏரி தெரிந்ததும் வைவதை நிறுத்திவிட்டேன்.

மழை இல்லாத மாதங்களில் அவருக்கு இன்னொரு தந்திரம் உண்டு. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக வைத்திருக்கிற சின்னப் பாலங்கள் அப்போது காய்ந்து கிடக்கும். குனிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு அடியிலேயே அந்தப் பக்கம் போய்விடுவார். தலைக்கு மேலே பஸ் போகிற சத்தம் கேட்கும். பெரிய ரோட்டை எப்படித் தாண்டுகிறாய் என்று அக்கா கேட்டால், பாலத்துக்கு அடியில் போகிறேன் என்பார். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அக்கா இந்தப் பொருத்தனையை வைத்துவிட்டுப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சைக்கிள் ஒழிந்தது என்று நினைத்துத்தான் வைத்தார். அது ஒழியவில்லை, ரோட்டிலிருந்து காட்டுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றை மூடிவைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பார். ரோட்டில் அடிபட்டாலாவது நாலு பேர் பார்ப்பார்கள், ஏரிக்கரையில் பாம்பு கடித்தால் யார் பார்ப்பார்கள் என்று என் மனைவியிடம் புலம்புவார்.

அக்கா பயந்தபடியே நடந்தது. ஒரு ஞாயிறு மோரை கிராமத்துக் காட்டுக்குத் தனியாகப் போன அண்ணாத்தே, செடி மூடிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்துவிட்டார். அந்த இடது காலே சைக்கிளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வெயில் சாய்கிற வரைக்கும் அப்படியே கிடந்திருக்கிறார். ஆடு மேய்க்க வந்த ஒருவர் பார்த்து, தூக்கி மாட்டுவண்டியில் போட்டு, சைக்கிளையும் மேலே ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். வண்டி தார் ரோட்டில் ஏறியதிலிருந்து, இவர் படுத்த வாக்கிலேயே ஒரு கையை வெளியே நீட்டி, பின்னால் தொங்கிய சக்கரம் கீழே உரசாமல் பிடித்துக்கொண்டே வந்தாராம். ஆடு மேய்க்கிறவர் இதைச் சொல்லிவிட்டு, இவருக்குத் தலையில் அடிபட்டிருக்குமோ என்று என்னைத் தனியாகக் கேட்டார்.

கால் வீங்கிப்போனதே தவிர முறியவில்லை. ஆனால் அக்கா அதற்கு மேல் தாங்கவில்லை. நேரே ஃபாதரிடம் போய், தான் வைத்த பொருத்தனையை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார். அவர் தாராளமாக மாற்றலாம், அதற்குப் பதிலாக ஏழைகளுக்குச் சாப்பாடு போடுங்கள் என்றாராம். அக்கா சந்தோஷமாக வந்து, இனிமேல் ஒழுங்காக ரோட்டோரமாகவே போகலாம் என்று சொன்னார். நான் அப்போது அங்கேதான் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணாத்தே காலை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"சாப்பாடு போடு, வேணாங்கல. ஆனா மாதா கால குடுத்துட்டாங்க மே. வாங்கிகினு அப்பால பேச்ச மாத்தறது எனுக்கு வராது."

அக்கா, அப்படியானால் சைக்கிளே வேண்டாம், காட்டில் பிணமாகக் கிடந்து எனக்குச் சேதி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் பேச்சில்லை. சைக்கிள் சமையலறைக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது, அக்கா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கடைசியில் அண்ணாத்தேதான் இறங்கி வந்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வரச் சொன்னார். செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் வந்து வழியைப் பார்க்கட்டும். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், அன்றைக்கே சைக்கிளைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். லாரி உரசியதிலிருந்து அக்கா எந்தச் சைக்கிளிலும் ஏறியதில்லை. இருந்தும் சரி என்றார். தம்பி, நீயும் வா, வழியில் இவர் விழுந்தால் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் மனதுக்குள் அண்ணாத்தே பக்கம்தான். அன்றைக்குக் காலையில் மாதா கோயில் பக்கம் திரும்பி நானும் ஒரு கும்பிடு போட்டேன், பொய் சொல்லக் கூடாது.

இடிந்த சுவரைத் தாண்டியதும் அக்கா கேரியரில் ஏறி, ஒரு கையால் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் ஜெபமாலை. ஏரிக்கரை மேலே போகும்போது கண்ணை மூடியிருந்தார். பாதிக் கரையில் திறந்து பார்த்தார், அப்புறம் மூடவே இல்லை. கூவத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். இது கூவமா என்று என்னைத்தான் கேட்டார், அவரைக் கேட்கவில்லை. கிருஷ்ணா தண்ணீர் வரப்போகிறது என்று அப்போதுதான் வெட்டிப் போட்டிருந்த கால்வாயின் கரையில், செம்மண் மேட்டுக்கு மேலே ஏறியதும், திருமழிசை வயல்கள் முழுக்கக் கீழே விரிந்தன. அக்கா ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டார். அண்ணாத்தே திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் அவர் காது இரண்டும் பின்னால்தான் இருந்தன.

திருவள்ளூர் ரோடு குறுக்கே வந்தது. அண்ணாத்தே எங்களைக் கீழே இறக்கி, பாலத்துக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனார். மழை பெய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, ஆனாலும் அங்கே சேறு மட்டும்தான். குனிந்து அந்தப் பக்கம் வெளியே வந்ததும் அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். இவர் சொன்னது நிஜம்தான் என்கிற சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

நசரத்பேட்டைக்கு மேற்கே பெங்களூர் ரோடு வந்தது. அங்கே பாலத்துக்கு அடியில் மார்பளவு தண்ணீர் சுழித்துக்கொண்டு நின்றது. அண்ணாத்தே அதைப் பார்த்தார். பிறகு மேட்டில் ஏறி, ரோட்டு ஓரத்தில் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்தார். லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒரு இடைவெளி பார்த்து இறங்கினார். ஹாரன் அலறியது. பின்வாங்கினார். இழுக்கிற கால் ஓரத்துச் சரளையில் வழுக்கி, சைக்கிளோடு ஒரு ஆட்டம் ஆடி நின்றார். மறுபடியும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"எப்பவும் இப்டித்தானாய்யா?" என்று கேட்டார்.

"மழ பேஞ்சா இப்டித்தான்" என்றார் அண்ணாத்தே. அவருக்கும் பொய் வராது.

லாரிக்குப் பயந்துதான் அக்கா அந்தப் பொருத்தனையை வைத்தார். அது இத்தனை வருஷமாக அவரை, நொண்டிக் காலோடும் தோளில் பாரத்தோடும், லாரிக்கு எதிரிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அக்காவுக்கு அது புரிந்துவிட்டது. "நானா உன்ன இங்க நிக்க வெச்சேன்?" என்று கேட்டார், லாரிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"நிக்குது இல்ல?" என்று அண்ணாத்தே தன் காலைப் பார்த்துச் சொன்னார். "அத்தப் பாரு மே."

சைக்கிள் கோயிலுக்குப் போயிற்று என்றே நான் முடிவு செய்துவிட்டேன். அவரை அந்த இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அக்கா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். செருகிக்கொண்டு, சைக்கிளில் ஏறவே பயந்த அந்த மனுஷி, பெங்களூர் ரோட்டின் நடுவில் போய் நின்று கையை உயர்த்தினார்.

தார்ப்பாய் கட்டிய லாரி ஒன்று கிரீச்சிட்டு, அவருக்கு முன்னால் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு பஸ் நின்றது. கிளீனர் பையன் தலையை வெளியே நீட்டி, சாக வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கத்தினான். அக்கா கையை இறக்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரர் வர்றாரு. நில்லு."

பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, அங்கே வந்த லாரியையும் கையைக் காட்டி நிறுத்தினார். அண்ணாத்தே இறங்கி நடந்தார். அவசரப்படவில்லை. தோளில் சைக்கிள், இழுக்கிற கால், அந்தப் பெரிய ரோட்டில் வேறு எதுவும் அசையவில்லை. பஸ் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாடகை சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன், கண்ணீர் மறைத்ததால் சரியாகத் தெரியவில்லை. வாழ்க்கையில் மந்திரி போகும்போது ரோட்டை மறித்துப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ஆள் போய்ப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்து மண்ணில் அவர் சைக்கிளை இறக்கி வைத்தார். அக்கா வந்து சேர்ந்ததும் லாரிகள் உறுமிக்கொண்டு கிளம்பின. தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி அண்ணாத்தே ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். எதிரே செம்பரம்பாக்கம் ஏரிக்கரை நீளமாக, உயரமாகத் தெரிந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

"இனிமே மழ நாள்ல நானும் வருவேன்" என்றார். "நான் நிறுத்தறேன், நீ தூக்கு."

அண்ணாத்தே ஏறினார். எத்தனையோ ஏரிக்கரைகளில் கண்ணை மூடிக்கொண்டு மிதித்த மனிதருக்கு, அன்றைக்குக் கொஞ்ச நேரம் பெடல் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.